பதம் பார்த்த பசை

அன்புள்ள மைத்துனருக்கு,

நீங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் அக்காள் சுகம், படகு பாதி சுகம், நான் சுகமில்லை. "பலகைகளைக் கம்பியால தைச்சுட்டு, ஓரத்துல எபாக்ஸிப் பசையை வழிச்சு விட்டாப் போதும், அத்தான். பதம் பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லி, ப்ளைவுட்டையும் இரண்டு பசை டப்பாக்களையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்கள். காலமெல்லாம் பஸ் ஓட்டியவன் நான். சாலையில் குழி தெரிந்தால் ஒதுக்கத் தெரியும். இந்தப் படகின் இணைப்புகளில் குழியைத் தவிர வேறொன்றும் இல்லை, எதை ஒதுக்குவது?

முதல் நாள் சிக்கனமாக இருக்கட்டுமென்று மொத்தத்தையும் ஒரே குவளையில் கலக்கினேன், அது சூடேறிப் புகைந்து குவளையையே உருக்கிவிட்டது. அடுத்த முறை பசை கெட்டியாவதற்குச் சேர்க்கும் மரத்தூளைக் குறைத்தேன், பசை தண்ணீராக ஓடித் தரையில் தேங்கியது, என் இடது செருப்பு இன்றுவரை ஷெட்டைவிட்டு வரவில்லை. சீக்கிரம் இறுகட்டுமென்று, பசையை இறுகவைக்கும் இரண்டாவது டப்பாவிலிருந்து தாராளமாக ஊற்றினேன், அது இறுகவே மாட்டேன் என்று பிசுபிசுத்துக்கொண்டு கிடக்கிறது. இறுகிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை போயிற்று. நான் பசையைப் பதம் பார்க்கப் போய், அது என்னைப் பதம் பார்த்துவிட்டது. (இருங்கள், ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். இன்னும் பிசுபிசுப்புதான்.)

இதெல்லாம் போகட்டும். உங்கள் அக்காள் தையல்காரி அல்லவா, தினமும் வந்து இணைப்பின்மேல் நகத்தை ஓட்டிப் பார்க்கிறாள். "நகம் தட்டுது. தையல்னா உள்பக்கமும் ஒழுங்கா இருக்கணும். வழவழன்னு வரட்டும், அப்புறம் ஏறுறேன்" என்கிறாள். ஊரையெல்லாம் ஏற்றி இறக்கியவனுக்கு இவள் ஒருத்தியை ஏற்ற முடியவில்லை. அவள் ஏறாவிட்டால் எனக்கு எதற்கு இந்தப் படகு, சொல்லுங்கள்!

ஒரே ஒரு இணைப்பு உருப்பட்டது. படகின் மூக்குப் பக்கம் பசையை அப்பிவிட்டு நின்றேன், சரியாக அந்த நேரம் பார்த்து நீங்கள் போன் செய்தீர்கள். கையுறையை உருவிப் போட்டுவிட்டு ஓடினேன். பேசிவிட்டு வந்தால், அதிசயம்! பசை தானாகவே பதத்துக்கு வந்து, கண்ணாடிபோல வளைந்து கிடந்தது. பக்கத்தில் உங்கள் அக்காள் ஏதோ கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நகத்தை ஓட்டினாள். "இதுதான் ஜாயிண்ட்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் பார்த்தால் விரலில் கல்யாண மோதிரம் இல்லை. கையுறை, குப்பை, சாக்கடை, பிசுபிசுத்த செருப்பு, எல்லாவற்றையும் துழாவிவிட்டேன். கையுறையோடு கழன்று அந்த இணைப்புக்குள்தான் விழுந்திருக்க வேண்டும். ஆகவே நாளைக் காலை, உருப்பட்ட அந்த ஒன்றையும் உளியால் உடைக்கப் போகிறேன். மோதிரத்தை எடுத்ததும் படகை உங்களுக்கே அனுப்பிவிடுகிறேன், நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள். இந்த விஷயம் உங்கள் அக்காளுக்குத் தெரியவே கூடாது. பசை என்றாலே வெறுத்துவிட்டதால் கவரை அவளையே ஒட்டச் சொல்லியிருக்கிறேன். பயப்படாதீர்கள், அடுத்தவர் கடிதத்தை அவள் படிக்கமாட்டாள்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உங்கள் கைப்பசை காய்ந்தே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒற்றைச் செருப்பு அத்தான்

பி.கு.: தம்பி, அக்கா எழுதுறேன். படிச்சுட்டுத்தான் ஒட்டுறேன். பசை தானா ஒண்ணும் வழவழப்பாகலை, கரண்டி முதுகால நான்தான் வழிச்சேன். மோதிரம் விழுந்ததையும் பார்த்தேன். எடுக்கத்தான் குனிஞ்சேன். அப்புறம் யோசிச்சேன், இந்த மனுஷன் ஆரம்பிச்ச எதை முழுசா முடிச்சிருக்கார்? மோதிரம் உள்ளே இருந்தா படகை யாருக்கும் தூக்கிக் கொடுக்க மாட்டார்னு அப்படியே வெச்சுப் பூசிட்டேன். உளியை ஒளிச்சு வெச்சாச்சு. மத்த ஜாயிண்டை எல்லாம் அவரே போடட்டும், நகம் தட்டினாலும் நான் ஏறத்தான் போறேன். எனக்கும் ஆசை இருக்காதா? ஆனா அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே. தெரிஞ்சா இன்னைக்கே வேலையை நிறுத்திடுவார்.