எழுபத்திரண்டு சதவீதம்

“ஒரு அப்டேட்டைத் தட்டி விட்டேன்னு வை, ரெண்டு நாளைக்கு என்னை ஒருத்தரும் அசைக்க முடியாது.”

மாமா இதைத் தன் நண்பரிடம் போனில் சொன்னது வெள்ளிக்கிழமை மாலை. பால்கனிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார். ஆனால் நான் அந்தப் பால்கனியில்தான் இருந்தேன், கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வைக்கு அந்தப் பக்கம். படிப்புக்காக அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். நான் இருக்கும் இடத்தில் யாரும் இல்லை என்று நினைப்பது இந்த வீட்டின் பழக்கம். அதில் எனக்கு வருத்தமில்லை. நிறைய விஷயம் தெரியவருகிறது.

போர்வையை உருவும்போது மாமா என்னைப் பார்த்துவிட்டார்.

“ஊமைக்கோட்டான், நீ ஒண்ணும் கேக்கலையே?”

“இல்ல மாமா.”

“நல்ல பொண்ணு.”

மாமாவின் திட்டம் எளிமையானது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சதுரங்க இறுதிப் போட்டி. காலையிலிருந்து மாலை வரை நேரலை. அதே சனி, ஞாயிறில்தான் பின்னறைக்குப் பெயின்ட் அடிப்பது என்று அக்கா முடிவு செய்து, டப்பா, ரோலர், ப்ரஷ் எல்லாம் வாங்கி வைத்திருந்தாள். ஹாலின் மூலையில் இருக்கும் தன் கம்ப்யூட்டரையும் அகலமான பிரின்டரையும் பின்னறைக்கு மாற்ற வேண்டும் என்பது அவளது ஒரு வருட ஆசை. அடிக்கப்போகிறவர் யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

எனவே மாமா, அக்காவின் கம்ப்யூட்டரை மேம்படுத்திவிட்டு, “ஏதோ எரர் காட்டுது” என்று அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். திரையின் ஓரத்தில் சின்னதாகச் சதுரங்கம் ஓடும். யாராவது வந்தால் புருவத்தைச் சுருக்கிக்கொள்வார். புருவம் சுருக்குவதில் அவர் தேர்ந்தவர். அவர் வேலையே அதுதான். ஒரு மென்பொருளை மேம்படுத்திய பிறகு எது உடைந்தது, எந்தப் பதிப்போடு எந்தப் பதிப்பு ஒத்துப்போகும் என்று கண்டுபிடிக்கும் வேலை. ‘ஓடுற வண்டியைக் கழட்டாதே’ என்று தன் ஆபீஸ் மேசையில் எழுதி ஒட்டியிருப்பதாகச் சொல்வார். வீட்டு மேசையில் ஒட்டவில்லை.

அக்காவின் வேலையையும் சொல்லிவிடுகிறேன். தையல் கம்பெனிகளுக்குத் துணி வெட்டும் பேட்டர்ன் வரைந்து கொடுக்கிறாள். கை இவ்வளவு, தோள் இவ்வளவு என்று கம்ப்யூட்டரில் வரைந்து, தாளில் அச்சடித்து அனுப்பினால் அவர்கள் அதை வைத்து வெட்டுவார்கள். அவள் வரைவது பத்து வருடப் பழைய மென்பொருளில். திங்கள் காலை ஒன்பது மணிக்குள் ஒரு கம்பெனிக்கு ஆஸ்பத்திரிக் கோட்டு, ஆறு அளவில், போயாக வேண்டும். இது சரியாக வந்தால் வருடம் முழுக்க வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அக்காவுக்கு அப்படி ஒரு வாக்குறுதி கிடைத்தது அதுவே முதல் தடவை. ஒன்றரை அளவு வரைந்திருந்தாள்.

சனிக்கிழமை காலை அக்கா ரோலரோடு வந்து நின்றாள்.

“ஏங்க, ஆரம்பிக்கலாமா?”

“எங்க ஆரம்பிக்கிறது? ராத்திரி உன் சிஸ்டத்துக்குப் புதுப் பதிப்பு போட்டேன். பாதுகாப்புக்குத்தான். இப்ப உன் வரையற சாஃப்ட்வேர்ல ஏதோ பிரச்சினை.”

“என்ன பிரச்சினை?”

“லைப்ரரி பிரச்சினை. உனக்குப் புரியாது. நான் உக்காந்து பாக்கணும்.”

இதைச் சொன்னபோது அவர் அந்த மென்பொருளை இன்னும் திறந்தே பார்த்திருக்கவில்லை. சொன்ன பிறகு, ஒரு அழகுக்காகத் திறந்தார். திரையில் ஒரு பெட்டி வந்தது. ‘மூன்றாம் பதிப்பு லைப்ரரி தேவை. நான்காம் பதிப்பு உள்ளது.’ அடியில் ‘சரி’ என்று ஒரே ஒரு பொத்தான்.

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்களின் முகம் எனக்குத் தெரியும். சொன்ன பொய் உண்மையாகிவிட்டவரின் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

“நிஜமாவே லைப்ரரிதான்,” என்றார் மாமா, யாரிடமோ.

“அப்ப மொதல்ல என்னன்னு சொன்னீங்க?”

“அதையேதான் சொன்னேன்.”

அக்கா ஒரு நோட்டை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “சரி, என்ன காட்டுதுன்னு சொல்லுங்க. எழுதிக்கறேன்.”

“நீ எதுக்கு எழுதுற?”

“அளவு எடுத்தா எழுதித்தான் பழக்கம்.”

மாமா விளக்கினார். லைப்ரரி என்பது பொதுக் கருவிப்பெட்டி மாதிரி. பல மென்பொருள்கள் அதிலிருந்து எடுத்துப் புழங்கும். மேம்படுத்தியபோது பழைய பெட்டி போய்ப் புதுப் பெட்டி வந்துவிட்டது. அக்காவின் கிழட்டு மென்பொருளுக்குப் புதுப் பெட்டியைத் திறக்கத் தெரியவில்லை.

“அப்ப பழசையே வச்சிடுங்க.”

“அதான் பண்ணப்போறேன். டவுன்லோடு ஆகணும்.”

“எவ்வளவு நேரம்?”

“நாப்பது நிமிஷம். அதுவரைக்கும் இன்டர்நெட்ல வேற எதையும் ஓட்டக் கூடாது. வேகம் கொறஞ்சிடும்.” சொல்லி முடித்த பிறகுதான் சதுரங்கமும் இன்டர்நெட்டில்தான் ஓடுகிறது என்பது அவருக்கு உறைத்தது.

“பாத்துக்கிட்டே இருந்தா வேகமா ஓடுமா?”

“ஓடாது.”

“ஒரு சுவருக்கு நாப்பது நிமிஷம் போதும்ல?” என்று அக்கா ரோலரை நீட்டினாள்.

கிழக்குச் சுவர் முடிந்து அவர் வந்தபோது பழைய லைப்ரரி வந்திருந்தது. புதியதைக் கழற்றிப் பழையதை மாட்டினார். மென்பொருள் திறந்தது. பிரின்டர் மூச்சை நிறுத்திக்கொண்டது. அதற்கு நான்காம் பதிப்புதான் வேண்டுமாம்.

“இவளுக்கு மூணு, அவளுக்கு நாலு,” என்று அக்கா எழுதிக்கொண்டாள்.

“பேசாம உன் சாஃப்ட்வேரையே புதுசு பண்ணிடலாம்.” அதற்கு இன்னொரு நாற்பது நிமிடம். இன்னொரு சுவர். புதிய மென்பொருள் பளபளவென்று திறந்து, அக்காவின் பழைய வரைபடங்களைப் பார்த்து ‘இவை எனக்குத் தெரியாத வகை’ என்றது. பத்து வருட வேலையை அது ஒரே வரியில் தள்ளிவைத்தபோது அக்கா பேனாவை மூடினாள். மாமா அவசர அவசரமாக அதை நீக்கிப் பழைய மென்பொருளை வைத்தார். நான்காம் லைப்ரரியையும் வைத்தார். காலையில் வந்த அதே பெட்டி, அதே வாக்கியத்தோடு வந்தது. ‘சரி’ என்பதைத் தவிர அழுத்த வேறு எதுவும் இல்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதியவர் மாதிரி உட்கார்ந்திருந்தார் மாமா. அவருக்கு நிஜமாகவே கவலை வந்துவிட்டது. முதல் ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அதை அவர் மறந்தேபோனார்.

“மொத்தச் சிஸ்டத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுபோய்ப் பாக்கறேன்,” என்றார். “இது கொஞ்சம் பெரிய வேலை. நேரம் ஆகும்.”

“நீங்க தட்டி விட்டுட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்.”

தட்டினார். போனார். அது நாற்பது நிமிடம் ஓடி, ‘பழைய நிலை எதுவும் சேமிக்கப்படவில்லை’ என்று சொல்லி நின்றுவிட்டது. அக்கா கணவரைக் கூப்பிடவில்லை. நோட்டைப் புரட்டினாள்.

“ஏண்டி,” என்றாள் என்னிடம், “ரெண்டு பேரும் ஒரே அலமாரியில போய்த் தேடுறாங்க. அதான சண்டை? ஒருத்திக்கு வேண்டியதை அவ ரூம்லயே வச்சிட்டா?”

எனக்குத் தெரியாது என்று தலையாட்டினேன். அக்கா, மாமா காலையில் டவுன்லோடு செய்திருந்த மூன்றாம் பதிப்பு லைப்ரரியை எடுத்து, பொது இடத்தில் வைக்காமல், தன் மென்பொருளின் சொந்த ஃபோல்டருக்குள் வைத்தாள். திறந்தாள். திறந்தது. ஒரு கையை அச்சடித்துப் பார்த்தாள். பிரின்டர் முணுமுணுக்காமல் அடித்துக் கொடுத்தது. மணி பன்னிரண்டே கால்.

நான் மாமாவைக் கூப்பிட எழுந்தேன். அக்கா என் தாவணி நுனியைப் பிடிக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. “உக்காரு” என்றாள். உட்கார்ந்தேன்.

பின்னறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. “எவ்வளவு ஆச்சு?”

அக்கா இரண்டாவது அளவின் தோள்பட்டையை வளைத்துக்கொண்டிருந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“முப்பத்தேழு சதவீதம்.”

“பரவால்லையே.”

மூன்றாவது அளவு ஆரம்பித்தபோது ஐம்பத்தெட்டு. அதை முடிப்பதற்கு முன் எழுபத்திரண்டு. அங்கே நிறுத்தி வைத்தாள். இரண்டு தடவை கேட்டபோதும் எழுபத்திரண்டுதான்.

“அது அப்படித்தான் நிக்கும்,” என்று உள்ளேயிருந்து ஆறுதல் சொன்னார் மாமா. “எழுபதுக்கு மேல எல்லாமே இழுக்கும். பதறாதே.”

“நான் பதறல. நீங்க ஓரத்துல நல்லா அடிங்க.”

அவர் வரும் சத்தம் கேட்டால் அக்கா வரைந்ததைச் சேமித்துவிட்டு, அந்த லைப்ரரியை மட்டும் இழுத்து ‘வெட்டுத்துணி’ என்ற ஃபோல்டரில் போட்டுவிடுவாள். மாமா வந்து மென்பொருளைத் திறப்பார். அதே பெட்டி வரும். அவர் வேறொரு யோசனை சொல்லி, வேறொன்றைத் தட்டிவிட்டு, அடுத்த சுவருக்குப் போவார். இருபத்தைந்து நிமிடத்தில் அது தோற்று ஓய்ந்ததும் அக்கா லைப்ரரியை வீட்டுக்கு அழைத்துக்கொள்வாள்.

“நீ ஒண்ணும் பாக்கலையே?” என்றாள் ஒருமுறை.

“இல்லக்கா.”

ஞாயிறு மாலைக்குள் நான்கு சுவரும் இரண்டு பூச்சு கண்டன. கூரையும் முடிந்தது. கூரை திட்டத்திலேயே இல்லை. “இந்தத் தடவை ரெண்டு மணி நேரம் ஓடும்” என்று மாமா தானாகச் சொன்னதால் சேர்ந்துகொண்டது. எங்கோ யாரோ சதுரங்கத்தில் ஜெயித்திருந்தார்கள். நண்பரிடமிருந்து போன் வந்தது. “அப்புறம் பேசறேன், மேலே பெயின்ட் சொட்டுது” என்று மாமா வைத்துவிட்டார்.

கடைசியாக வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். தலைமுடியில் பாதி, அறையின் நிறம். திறந்தார். மூன்றாம் பதிப்பு தேவை. நான்காம் பதிப்பு உள்ளது. சரி.

“விடுங்க,” என்றாள் அக்கா. “நாளைக்குக் காலைல போன் பண்ணி, முடியலைன்னு சொல்லிடறேன்.”

மாமா ‘சரி’யை அழுத்தாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“இந்த அப்டேட்... பாதுகாப்புக்குப் போடல.”

“அப்புறம்?”

“சதுரங்கம் பாக்கலாம்னுதான். பெயின்ட் அடிக்காம இருக்கலாம்னு. ஆனா உன் வேலை இப்படிக் கெடும்னு சத்தியமா நினைக்கல. நான் வேணா நாளைக்கு லீவு போட்டுட்டு அந்தக் கம்பெனிக்கு நேர்ல போய், தப்பு என்மேலன்னு சொல்லிடறேன். அவங்க கையைக் காலைப் புடிச்சாவது ரெண்டு நாள் வாங்கறேன்.”

அக்கா அவர் காது மடலில் இருந்த பெயின்ட்டைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டாள். பிறகு அவர் கைக்கு மேலாகக் கையை நீட்டி மவுஸை எடுத்து, ‘வெட்டுத்துணி’யைத் திறந்து, அந்த ஒரு கோப்பை இழுத்து மென்பொருளின் ஃபோல்டரில் விட்டாள். மென்பொருள் திறந்தது. ஆறு கோட்டும் வரிசையாக நின்றன. அச்சடிக்கச் சொன்னாள். பிரின்டர் ஓட ஆரம்பித்தது.

மாமா முதலில் கோட்டுகளைப் பார்த்தார். பிறகு, தொழில் புத்தி விடவில்லை, அந்த வரைபடங்கள் சேமிக்கப்பட்ட நேரத்தைப் பார்த்தார். இரண்டாம் அளவு, நேற்று ஒன்று ஐந்து. மூன்றாம் அளவு, நேற்று இரண்டு நாற்பது. விரலை மடக்கி ஏதோ எண்ணினார். ஒரு சுவர், நாலு சுவருக்கும் மறுபூச்சு, ஒரு கூரை.

என் பக்கம் திரும்பினார். நான் நோட்டின் அட்டையைப் பார்த்தேன்.

“எழுபத்திரண்டு?” என்றார் அக்காவிடம்.

“அது அப்படித்தான் நிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க.”

மூன்றாவது கோட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. அக்கா தாளின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். “கதவோட பின்பக்கம் விட்டுப்போச்சுங்க.”

மாமா எழுந்தார். ஜன்னலில் காய வைத்திருந்த ப்ரஷ்ஷை எடுத்து, இழைகளை விரலால் பிரித்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னறைக்குப் போனார்.