பறந்த தட்டு

"எறிஞ்சது நான் இல்ல, என் கோபம்" என்று தீக்குச்சி மூன்றாவது முறையாகச் சொன்னபோது, ஃபிரேம் அக்காவின் புருவத்து வீக்கம் கோலிக்குண்டு அளவுக்கு வந்திருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவர் தீக்குச்சி. ஒல்லி உடம்பு, லேசாக உரசினாலே பற்றிக்கொள்ளும் குணம். அதனால் அந்தப் பெயர். அன்று வலது கண்ணுக்கான லென்ஸை இடது கண்ணுக்கு என்று தேய்த்துவிட்டார். ஃபிரேமில் மாட்டுகிற அக்கா அதைக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததோடு விட்டிருக்கலாம், வாடிக்கையாளர் காதுபடச் சொன்னாள். இவருக்குத் தலைக்கேறியது. மேசை நிறைய லென்ஸ், நடுவில் ஒரு காலி பிளாஸ்டிக் தட்டு. தட்டு பறந்தது.

பெருக்குகிற அம்மாதான் ஓடிவந்து, ஈரத்துணியை மடித்து அக்காவின் நெற்றியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை.

முதலாளியம்மா குரலை உயர்த்தவில்லை. "நாளைக்குக் காலையில அவ மனசு ஆறுற மாதிரி மன்னிப்புக் கேளுங்க. இல்லேன்னா வேற கடை பாத்துக்குங்க."

பத்தொன்பது வருஷ வேலை. வீடு போய்ச் சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தார். தப்பு உங்கள் மேல்தானே என்று மனைவி கேட்டதும், தலையணை ஒன்று சுவரில் மோதி விழுந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த மைத்துனன் நிறையப் படிப்பவன். படித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். மூளை முதலில் முடிவெடுத்துவிடும், மனிதனுக்குத் தாமதமாகத்தான் தகவலே வரும் என்று அரை மணி நேரம் விளக்கினான். நரம்பு, வளர்ப்பு, பரம்பரை என்று ஒன்றையொன்று தள்ளித் தள்ளி, கடைசியில் தட்டும் தள்ளப்பட்டதாம்.

"யோசிச்சுப் பாத்தா, அத்தான், நீங்க எதையுமே பண்ணல."

இவ்வளவு காலம் தன்னை ஒருவரும் இப்படிப் புரிந்துகொண்டதில்லை என்று தீக்குச்சிக்குத் தோன்றியது. இருவருமாக உட்கார்ந்து கடிதம் எழுதினார்கள்.

காலையில் அக்கா அதை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தாள்: "என் மூளையின் செயலால் தங்களுக்கு ஏற்பட்ட வீக்கத்துக்கு வருந்துகிறேன்."

படித்துவிட்டு நிமிர்ந்தாள். "வருத்தப்படறதும் உங்க மூளைதானா அண்ணே? நீங்க எப்ப வருவீங்க?"

தீக்குச்சிக்குக் காது சிவந்தது. வாசலில் தயாராக நின்ற மைத்துனனை உள்ளே இழுத்துவந்தார். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தட்டுக்கு எப்படிச் சொந்த விருப்பம் கிடையாதோ அப்படித்தான் அத்தானுக்கும் என்று ஆரம்பித்தான். அக்கா பொறுமையாகக் கேட்டாள். பிறகு, அப்படியானால் தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதும் தன் விருப்பம் இல்லை, கால் அதுவாகப் போகிறது என்று கைப்பையை எடுத்தாள். அதுவரை போலீஸ் என்ற பேச்சே அங்கே எழவில்லை.

"எனக்கும் அதே கதிதான். உங்களை வேலையைவிட்டு நிறுத்தணும்னு என் மூளை நேத்தே முடிவு பண்ணிடுச்சாம். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க?" என்றார் முதலாளியம்மா.

மைத்துனன் கொஞ்சம் யோசித்தான். "அதுவும் சரியாத்தான் இருக்கு, அத்தான்."

காலியாகக் கிடந்த தோல் உறை ஒன்று பறந்துபோய் மைத்துனன் மார்பில் பட்டது. சுற்றிலும் நான்கு சுவரிலும் கண்ணாடி அலமாரிகள் பளபளத்தன.

அக்கா கைப்பையைக் கீழே வைத்தாள். "எனக்குப் போலீசும் வேண்டாம், கடிதாசியும் வேண்டாம். 'நான்தான் எறிஞ்சேன்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இதோட விட்டுடறேன்."

அந்த ஒரு வார்த்தை தீக்குச்சியின் தொண்டைவரை வந்தது. வந்து, திரும்பிப் போய்விட்டது.

"சத்தியமா சொல்றேன். அந்த நேரத்துல எனக்குக் கண்ணே தெரியாது. கை எதை எடுக்குது, எதை எறியுதுன்னு எனக்குத் துளிகூடத் தெரியாது."

முதலாளியம்மா கதவைக் காட்டினார். மூலையில் நின்ற பெருக்குகிற அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு முன்னால் வந்து கைகூப்பினாள்.

"அவரை அனுப்பிடாதீங்கம்மா, ரொம்ப நிதானமான மனுஷன். பதினோரு வருஷமா இந்தக் கடையைப் பெருக்குறேன், எத்தனையோ தடவை எறிஞ்சிருக்காரு. ஒரு கண்ணாடிச் சில்லுகூட நான் பொறுக்கினதில்ல."