தேநீரில் கரைந்த ஜின்

பெர்கானா பள்ளத்தாக்கின் அந்தப் பருத்திக் கிராமத்தில் தபீப் நோசிர்கானின் வாசலில் விடிவதற்கு முன்பே ஆடுகள் கத்தும். ஆடுகளுக்கு நோயில்லை. அவை நாட்டு வைத்தியரான தபீபுக்குக் காணிக்கை.

கை நடுங்குகிறவர்களின் தோளில் ஜின் என்னும் ஆவி உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்தவர் தபீப். தேநீரில் மந்திரம் ஊதிக் கொடுப்பார். அரைமணி நேரத்தில் நடுக்கம் நிற்கும். மாலைத் தொழுகைக்குள் ஜின் திரும்பிவிடும். ஒழுங்கான ஜின்.

விவசாயி ஹம்ரோகுலின் ஜின்னுக்கு வீட்டு ஆடுகள் எல்லாம் போய்விட்டன. இப்போது கறவை மாட்டையும் கொடுத்தால் அடியோடு விரட்டுவதாகத் தபீப் வாக்களித்திருந்தார். ஹம்ரோகுலின் மனைவி முஹய்யோ இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம்தான் தலைநகரிலிருந்து டாக்டர் குல்சாரா ஆராய்ச்சிக்காக ரத்தம் கேட்டு வந்திருந்தாள். பெற்றோருக்கு நடுக்கம் உண்டா, பருத்தி இலை உதிர விமானத்திலிருந்து மருந்து தெளித்தபோது வயலில் நின்றீர்களா என்று வீடு வீடாகக் கேட்டாள்.

"அதனாலதான் வந்துச்சா?" என்றாள் முஹய்யோ.

"தெரியலக்கா. பரம்பரையா இருக்கலாம், அந்த மருந்தா இருக்கலாம், ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். தெரிஞ்சுக்கத்தான் ரத்தம் கேக்கறேன். இதுக்குப் பேரு பார்க்கின்சன். மாத்திரை இருக்கு. போட்டா கொஞ்ச நேரத்துல நடுக்கம் அடங்கும், வேகம் போனதும் திரும்ப வரும்."

தெரியாது என்கிற டாக்டருக்கு யார் ரத்தம் கொடுப்பார்கள்? தபீபுக்கு எல்லாம் தெரியும். ரத்தம் கொடுத்தால் ஜின் பிள்ளைகள் மேல் ஏறும் என்பதும் தெரியும். ஊரே சட்டைக் கையை இறக்கிவிட்டது.

மாட்டை ஓட்டிப்போகத் தபீப் வந்தார். ரொட்டியும் திராட்சையும் தின்றார். வேடிக்கை பார்க்கப் பக்கத்து வீட்டு எர்காஷும் வந்திருந்தான். அவனுக்கும் கை நடுங்கும். ஆடு இல்லாததால் அவன் ஜின்னைத் தபீப் கண்டுகொண்டதில்லை.

தபீப் ஒரு கிண்ணத் தேநீரில் ஊதி நீட்டினார். முஹய்யோ வாங்கினாள், அப்படியே கெண்டியில் திரும்ப ஊற்றினாள். மறுபடி கிண்ணத்தில், மறுபடி கெண்டியில். அந்த ஊரில் முதல் கிண்ணத்தை யாரும் குடிப்பதில்லை. மூன்று முறை கெண்டிக்குத் திரும்ப வேண்டும்.

"ஐயோ, என்னம்மா பண்றே! மந்திரம் கெட்டுப்போகும்!"

"விருந்தாளிக்கு நம்ம வழக்கப்படிதானே ஊத்தணும், தபீபே? நீங்களும் ஒரு வாய் குடிங்க."

"நான் நோன்பு."

"திராட்சை திங்கும்போது இல்லையே?"

கணவருக்கும் எர்காஷுக்கும் ஊற்றினாள். அரைமணி நேரம் மாடு அசைபோட்டபடி நின்றது.

எர்காஷ் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டான். குனிந்து பார்த்து மறுபடி அவிழ்த்துப் போட்டான்.

"அடடே, என் ஜின்னும் போயிருச்சு! எனக்கு யாருமே ஓதலையே!"

எழுந்து ஓடப்பார்த்த தபீபின் மேலங்கியை முஹய்யோ பிடித்து உதறினாள். கைமடிப்பிலிருந்து மாத்திரை அட்டை விழுந்தது.

"இது என்ன, ஜின் போட்ட முட்டையா?"

மாடு கொட்டிலிலேயே இருந்தது. மறுநாள் முஹய்யோ கணவரைக் குல்சாராவிடம் அழைத்துப்போய் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டாள். பின்னால் எர்காஷ் நின்றான்.

தபீப் இப்போது பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். அங்கே கூட்டம் இன்னும் அதிகம் என்று கேள்வி. கை நடுக்கத்துக்காவது மாத்திரை இருக்கிறது. யோசிக்கச் சொன்னால் வருகிற நடுக்கத்தை அவரவரே நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.