காக்கா பாரசூட்

வெட்கப்படுகிறவன் எதையும் நேர்வழியில் செய்யமாட்டான். ஒரு வார்த்தை பேசினால் முடிகிற வேலைக்கு ஒரு வாரம் உட்கார்ந்து இயந்திரம் கண்டுபிடிப்பான். நான் கண்டுபிடித்தது பாரசூட்.

இரண்டாயிரத்துச் சொச்சம். ரெட்டியார்பாளையத்தில் அண்ணன் குடும்பத்தோடு இரண்டாம் மாடியில் இருந்தேன். கீழே அடுத்த வீட்டுப் பின்முற்றம். தினமும் நாலு மணிக்கு அங்கே விமலா பாத்திரம் துலக்குவாள். மூன்று வருடம் பார்த்தேன். அவளும் நிமிர்ந்து இரண்டு தடவை சிரித்திருக்கிறாள். (நண்பனிடம் பத்து என்று சொல்லியிருந்தேன்.)

"ஞாயித்துக்கெழம விமலாவப் பாக்க பிரான்ஸ்லேர்ந்து மாப்ள வராராம். அந்தப் பொண்ணு இன்னும் வாயே தொறக்கலியாம்" என்றாள் அண்ணி.

அதற்குள் நான் வாயைத் திறந்தாக வேண்டும். ஆனால் வாசலில் அவள் அப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் விமானத்திலிருந்து குதித்தே பென்ஷன் வாங்கியவர். தெருவே அவரைப் பிரெஞ்சில் சொல்தா, அதாவது சிப்பாய், என்றுதான் கூப்பிடும். கடிதத்தைக் கல்லில் கட்டி எறிந்தால் சத்தம் கேட்கும். வெள்ளைத் துணியில் பாரசூட் கட்டி இறக்கினால், அவர் ஓரக்கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவார்.

எனவே பழைய குடையின் கறுப்புத் துணியைக் கிழித்தேன். பக்கத்துக்கு ஓர் இறக்கை, பின்னால் ஒரு வால் வைத்து வெட்டினேன். காக்காயை யார் கவனிக்கப்போகிறார்கள்?

கடிதம் இவ்வளவுதான்: "சரின்னு சொல்லிடாத. நான் இருக்கேன்." பெயர் போடவில்லை. (அதற்கும் வெட்கம்.)

சனிக்கிழமை நாலு மணிக்கு விட்டேன். அழகாகத்தான் இறங்கியது. பாதியில் காற்று தள்ளியதில் கொடிக்கம்பியில் தலைகீழாகச் சிக்கிக்கொண்டது. பார்வைக்கு அசல் செத்த காக்கா.

மனிதர் யாரும் கவனிக்கவில்லை. காக்காய்கள் கவனித்தன. முதலில் ஒன்று வந்து கத்தியது. பிறகு பத்து. பிறகு ரெட்டியார்பாளையத்துக் காக்காய் மொத்தமும் துக்கம் விசாரிக்க வந்து இறங்கிவிட்டது. ஒன்று விமலாவின் உச்சந்தலையில் கொத்த, அவள் தட்டைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு அலறினாள். தெருவே மாடியேறி வேடிக்கை பார்த்தது.

சொல்தா துடைப்பத்தோடு ஓடிவந்து விரட்டினார். கம்பியிலிருந்து அதை எடுத்து விரித்தார். கடிதத்தைப் படித்தார்.

"அட, இது பாரசூட்டு!" என்று நிமிர்ந்து மாடி மாடியாகப் பார்த்தார். "நான் இருக்கேன்னு எழுதிக்கிறான். பாரசூட்டு எறங்கிடுச்சி. ஆளு எங்கடா?"

விமலா தட்டை இறக்கினாள். நேராக என்னைத்தான் பார்த்தாள். காத்திருந்தாள்.

"தெரில மாமா" என்றேன். "காக்கா எங்கேர்ந்தாவது தூக்கினு வந்திருக்கும்."

அவள் குனிந்து மீதிப் பாத்திரத்தைத் துலக்கினாள். மறுநாள் சரி என்று சொல்லிவிட்டாள்.

துணியில்லாத குடைக்கம்பியை அண்ணி பரணில் கண்டெடுத்தாள். அதிலிருந்து, ஒரு கல்யாணத்துக்குப் பரிசை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டு நான் வீட்டில் இருந்துவிட்டால் போதும், அண்ணன் பிள்ளைகள்கூடக் கத்தும்: "பாரசூட்டு போயிடுச்சி, ஆளு எங்க?"

போன வருடம் சொல்தா இறந்துபோனார். மாலையை அண்ணனிடம் கொடுத்தனுப்பிவிட்டுத் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பிவந்த அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"விமலா வந்துக்குதுடா. மாலைய வாங்கிக்கினு எனக்குப் பின்னால எட்டிப் பாத்துச்சி. 'ஆளு எங்கண்ணா?'ன்னு கேட்டுச்சி."