பத்து நிமிஷம் பூத்த எஸ்தர்

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு செம்பருத்தி ரகத்தை உருவாக்கியவன் நான். இப்போதும் அது எங்குமே இல்லை. (சிரிக்காமல் கேளுங்கள். என் வீட்டில் இதுவரை ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை.)

அப்போது பாபநாசத்தில் எனக்கு ஒரு சின்ன நர்சரி. கீழ்வேளூரில் டீச்சராக இருந்த எஸ்தரைப் பெண் பார்க்கப் போனோம். அவள் அப்பா, "தம்பி என்ன பண்றீங்க?" என்று கேட்டார். செடி விக்கிறேன் என்று சொல்லிவிட்டு காபியைக் குடித்திருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே!

"புது ரகம் உருவாக்குறேன் அங்கிள். மஞ்சள் செம்பருத்தியில சிவப்போட மகரந்தத்தைத் தடவி, விதை எடுத்து வளர்க்கிறேன். பூத்ததும் உங்க பொண்ணு பேரைத்தான் வைக்கப்போறேன்" என்றேன், ஏதோ சந்திரனில் இறங்கிவிட்டு வந்தவன் மாதிரி.

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள். "பூக்கட்டும். பாத்துட்டுச் சொல்றேன்."

போச்சு! என் கல்யாணம் ஒரு மொட்டை நம்பி நின்றது. முளைத்த கன்றுகளில் பிழைத்ததே ஒன்றுதான். அதற்கு நான் செய்த பணிவிடையைப் பெற்ற தாய்க்குச் செய்திருந்தால் ஊரே மெச்சியிருக்கும். ஒன்றரை வருஷம் கழித்து ஒரே ஒரு மொட்டு வைத்தது. ஞாயிறன்று விரியும் என்று கணக்குப் போட்டு, எங்கள் சர்ச் அறுப்பின் பண்டிகைக்கு வரச்சொல்லி அவர்களை அழைத்தேன். ஆராதனை முடிந்ததும் வீட்டில் சாப்பாடு, பிறகு பூ தரிசனம் என்று திட்டம்.

சனிக்கிழமை சாயங்காலம், தேனீ வந்து மகரந்தத்தைக் கலைத்துவிடக் கூடாதே என்று மொட்டின் மேல் ஒரு கவரை மாட்டிக் கட்டினேன். கைக்குக் கிடைத்தது சர்ச்சில் கொடுத்த காணிக்கைக் கவர். அதில் கொட்டை எழுத்தில் "ஆண்டவருக்கு என் காணிக்கை" என்று அச்சடித்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அம்மா கவனித்துவிட்டாள்.

காலையில் செடியைத் தொட்டியோடு காணோம். அடித்துப்பிடித்து சர்ச்சுக்கு ஓடினேன். அறுப்பின் பண்டிகை என்றால் ஆளாளுக்கு முதல் விளைச்சலைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனைக்குப் பிறகு எல்லாம் வாசலில் ஏலம் போகும். பூசணிக்காய், வாழைத்தார், சேவல், ஒரு கறுப்பு வெள்ளாடு, நடுவில் என் தொட்டி!

"அம்மா! என் செடி!"

"நீதானேடா எழுதிக் கட்டியிருந்தே? மொத மொட்டையே ஆண்டவருக்குன்னு! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு சாமு. பாஸ்டர் ஐயாகிட்டயும் சொல்லிட்டேன்."

பாஸ்டர் அதைப் பிரசங்கத்திலேயே சொல்லி என்னைப் புகழ்ந்தார். எஸ்தர் குடும்பம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. படைத்ததை எப்படித் திருப்பிக் கேட்பது? ஏலத்தில் எடுப்பதுதான் ஒரே வழி.

சபைச் செயலாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கவரைக் கழற்றினார். அடேயப்பா! ஓரமெல்லாம் மஞ்சள், உள்ளே போகப்போக ஆரஞ்சு, நடுவில் ரத்தச் சிவப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் விலை கேட்டேன். கூட்டத்திலிருந்து இன்னொரு குரல் அதைவிடக் கூட்டிக் கேட்டது. பார்த்தால் எஸ்தரின் அப்பா! அதுதான் என் செடி என்று அவருக்குத் தெரியாது. மகளுக்கு வாங்கித் தர ஆசை. நான் ஏற்ற, அவர் ஏற்ற, முகம் சிவக்க இருவரும் எதிரெதிரே நின்றோம்.

"என்னங்க தம்பி, மாப்பிள்ளை ஆகறதுக்கு முன்னாடியே மல்லுக்கு நிக்கிறீங்க?"

"இதை மட்டும் விட்டுக்குடுங்க அங்கிள்!"

கூட்டம் முழுக்க எங்களையே பார்த்தது. தொட்டியைப் பார்த்தது ஒரே ஒரு ஜீவன்தான்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்! செடி சாமுவேல் தம்பிக்கு!" என்று செயலாளர் திரும்பினார். தொட்டியில் ஒரு குச்சி நின்றது. வெள்ளாட்டின் வாயோரம் ஒரு மஞ்சள் இதழ் ஆடிக்கொண்டிருந்தது. (ஒரு கிளையை வெட்டி முன்பே வேறு தொட்டியில் நட்டிருக்கக் கூடாதா? பெரிய விஞ்ஞானி!)

அடுத்த ஏலமே அந்த ஆடுதான். எனக்குப் புத்தி கலங்கிவிட்டது. செயலாளரின் மைக்கைப் பிடுங்கி, "அது எனக்குத்தான்! என் எஸ்தர் உள்ள இருக்கா!" என்று அலறினேன்.

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. ஆட்டுக் கயிறும் கையுமாக நின்ற என்னிடம் எஸ்தர் வந்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்திருந்தாள்.

"எல்லாம் போச்சுங்க" என்றேன்.

"பாத்துட்டுச் சொல்றேன்னேன். பத்து நிமிஷம் பாத்துட்டேன், போதும். அப்பாகிட்ட நாள் பாக்கச் சொல்லுங்க."

அந்தக் குச்சி துளிர்க்கவே இல்லை. ஆடு மட்டும் வஞ்சனையில்லாமல் குட்டி போட்டது. வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு குட்டி போகும். "அடுத்து, நம்ம சாமுவேல் தம்பி உருவாக்குன புது ரகம்!" என்று செயலாளர் மைக்கில் முழங்குவார். முதல் ஆளாகக் கை தூக்குவது என் மாமனார். நான் எதிர்த்துக் கேட்பதில்லை.