எச்சரிக்கைக்காரரும் இருபத்தொரு நாளும்

எச்சரிக்கைக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. தெருவுக்கு ஒருவர், கல்யாண மண்டபத்துக்கு மூவர், வாட்ஸ்அப் குரூப்புக்குக் குறைந்தது ஏழு பேர் என்று நம் பக்கத்தில் தாராளமாகவே கிடைப்பார்கள். அடையாளம் காண்பதும் சிரமம் இல்லை. காலையில் நீங்கள் பல் விளக்குவதற்கு முன்பே, உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் நடந்த விபரீதம் உங்கள் போனுக்கு வந்து காத்திருந்தால், அனுப்பியவர் அவர்தான். 'உங்கள் நன்மைக்காக' என்று தொடங்கும். 'அனைவருக்கும் பகிரவும்' என்று முடியும். நடுவில் இருப்பதை அவரே முழுதாகப் படித்திருக்க மாட்டார். படித்துக்கொண்டு உட்கார்ந்தால் அடுத்தவன் முந்திவிடுவானே, அதற்கு யார் பொறுப்பு?

அருப்புக்கோட்டையில் மோட்டார், பைப்பு வியாபாரம் செய்யும் வெள்ளத்துரை இந்த ரகத்தில் முதல் தரம். கொரோனா வந்த வருஷம் அவரும் எல்லோரையும் போல நடுங்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் கிடந்தார். ஆனால் வெளியே வந்ததும் ஒன்றைக் கண்டுகொண்டார். பைப்பைப் பற்றிப் பேசினால் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கொரோனாவைப் பற்றிப் பேசினால் டீக்கடையில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். பிறகு நோய் தணிந்தது, மாஸ்க்கெல்லாம் வண்டி துடைக்கப் போயிற்று, ஊர் தன் பாட்டுக்குத் தறி ஓட்டப் போய்விட்டது. வெள்ளத்துரைக்குத்தான் பொழுது போகவில்லை. நல்லவேளை, உருமாறிய கொரோனா என்று அவ்வப்போது ஒன்று வந்துகொண்டே இருந்தது. லாரி நம்பர் மாதிரி எழுத்தும் எண்ணும் கலந்த பேர். ஒவ்வொரு புதுப் பேருக்கும் அவர் நிமிர்ந்து நடந்தார்.

வந்ததை வந்தபடியே தள்ளிவிடுகிற சோம்பேறி இல்லை அவர். எங்கோ ஒரு நாட்டில் என்று வந்தால் யாருக்கு வயிற்றைக் கலக்கும்? 'நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருத்தருக்கு உறுதியாம்' என்று கையோடு ஒரு வரி சேர்த்துவிடுவார். எண்கள் குறைவாக இருந்தால் ஏற்றி வைப்பார். போன வைகாசியில் ஒரு புது உருமாற்றம் வந்தபோதும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை ஏழு நாள் ஊருக்குள் விடக் கூடாதாம் என்று, தலையும் வாலும் இல்லாத ஒரு மெசேஜ் வந்தது. வெள்ளத்துரை அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். ஏழு அவருக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து ஜவுளிக் கடை ஜமால் மைதீன் போனும் கையுமாக வந்தார்.

"அண்ணே, எனக்கு வேற எடத்துல இருந்து வந்ததுல ஏழு நாளுன்னு இருக்கு. நீங்க அனுப்புனதுல இருபத்தொண்ணுன்னு இருக்கே?"

"ஏழுன்னா எவன்யா மதிப்பான்? ஒரு அழுத்தம் வேணாமா? அதான் ஏத்தி வச்சேன்."

"எங்க மருமகன் மாதிரி ஆளுகள்லாம் வெளிநாட்டுல இருந்து வந்து போறாகளேண்ணே. அவுகளை எவனாவது தடுத்து வச்சா?"

"எச்சரிக்கைதானய்யா. இதுனால யாருக்கு என்ன நட்டம்?"

யாருக்கு என்ன நட்டம் என்று தெரிய, அவருடைய மகன் ஆனந்தகுமாரைச் சொல்லியாக வேண்டும். துபாயில் ஏசி மெக்கானிக். மூன்று வருஷமாக ஊர்ப் பக்கம் வரவில்லை. அதற்குள் தங்கை சுவாதிக்குக் கல்யாணமாகி, பெண் பிறந்து, பதினொரு மாசமும் ஆகிவிட்டது. மருமகளை அவன் போனில்தான் பார்த்திருக்கிறான். அந்தக் குழந்தைக்கு மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயிலில் மொட்டையெடுத்துக் காது குத்த நாள் குறித்தாயிற்று. தாய்மாமன் மடியில் உட்காரவைக்காமல் காது குத்துகிற வழக்கம் நம் பக்கத்தில் கிடையாது என்பதைச் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி ஆறே ஆறு நாள் லீவு வாங்கியிருந்தான். அம்மா துர்காதேவி ஒரு மாசமாகத் தோடு, வெள்ளி அரைஞாண், பட்டுப் பாவாடை என்று சீர் சேர்த்துக்கொண்டிருந்தார். வெள்ளத்துரைக்கும் பிள்ளையைப் பார்க்க நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. மகன் வருவது துபாயிலிருந்து, துபாய் என்பது வெளிநாடு என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. மெசேஜ் மற்றவர்களுக்கு அல்லவா?

பரளச்சிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது சம்பந்தி ராஜபாண்டியின் ஊர்; குலசாமி கோயிலும் அங்கேதான். பேர் வேண்டாம், கோவித்துக்கொள்வார்கள். காதுகுத்து அன்று காலையில், ஆனந்தகுமாரோடும் சீர்த் தட்டுகளோடும் வேன் அந்த ஊர் எல்லைக்குப் போய்ச் சேர்ந்தது. ரோட்டுக்குக் குறுக்கே கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். முள்ளுக்கு மேலே ஒரு ஃபிளக்ஸ். ஃபிளக்ஸில் வெள்ளத்துரை. காதணி விழா பேனருக்குக் கொடுத்த போட்டோவையே கடைக்காரர் இதற்கும் போட்டிருந்தார். இரண்டு கையும் கூப்பி, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில்: 'வெளிநாட்டிலிருந்து வருவோர் 21 நாள் கழித்து வரவும். இவண், சம்பந்தி வெள்ளத்துரை.'

"போட்டோ நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றார் துர்காதேவி.

முள்ளுக்கு அந்தப் பக்கம் ராஜபாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "சம்பந்தி, தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க அனுப்புனதை ஊர்க் கூட்டத்துல வாசிச்சேன். பொண்ணு குடுத்த எடத்து வார்த்தைன்னு அம்புட்டுப் பேரும் ஒத்துக்கிட்டாக. இப்ப ஒங்க மகன்னு நான் தளர்த்துனா, ஒங்க வாக்கை நானே கெடுத்ததா ஆயிராதா? நீங்களும் வீட்டம்மாவும் உள்ள வாங்க. துபாய் மாப்பிள்ளை மட்டும் அங்கனயே இருக்கட்டும்."

வெள்ளத்துரை போனை எடுத்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் போனார். இரண்டே நிமிஷத்தில் ஊர்க்காரர்களின் போனெல்லாம் கத்தியது. 'துபாய் வெயிலில் புதிய கொரோனா பொசுங்கிவிடும்: மருத்துவர்கள் வியப்பு. பகிரவும்.' இப்போதுதான் அந்த ஊருக்குப் புத்தி வந்தது. ஒருவர் தேதி எங்கே என்று கேட்டார். இன்னொருவர் எந்த மருத்துவர், பேர் இருக்கிறதா என்று கேட்டார். மூன்றாமவர், "இதெல்லாம் யாரு அனுப்புறாகன்னே தெரியலையே, நம்பிரக் கூடாதுப்பா" என்று வெள்ளத்துரையிடமே எச்சரித்துவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில் விருந்துக்கு வந்த நர்ஸ் கிருஷ்ணப்ரியா ஸ்கூட்டியை நிறுத்தினார். ஃபிளக்ஸை மேலும் கீழும் படித்தார். நல்ல பெண்; படித்துவிட்டும் சிரிக்கவில்லை.

"இந்தக் கிருமி மாறிக்கிட்டேதான் இருக்கும். பேரு புதுசுங்கிறதுக்காக நோய் பெருசுன்னு ஆயிராது. சீக்காகி ஆஸ்பத்திரியில படுக்கிறவுக கூடியிருக்காகளான்னு பாக்கணும். நம்ம பக்கம் அப்பிடி ஒண்ணும் இல்ல. வயசானவுக, சுகரு உள்ளவுக கவனமா இருங்க, காய்ச்சல் இருமல்னா வந்து காட்டுங்க. இந்த அண்ணனுக்கு ரெண்டும் இல்ல. வெளிநாட்டுல இருந்து வந்தா அடைச்சு வைக்கணும்னு இப்ப எந்த உத்தரவும் கெடையாது."

"நர்சம்மா, நீங்க ஒத்த ஆளு சொல்றீக" என்றார் ஒரு பெரியவர். "இது ஆறு குரூப்புல வந்திருச்சு. நீங்க சொல்றதுல ஒரு விறுவிறுப்பும் இல்லையே."

கிருஷ்ணப்ரியா வெள்ளத்துரை பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, இருபத்தொண்ணுங்கிற கணக்கு எங்க இருந்து வந்துச்சு? நீங்க ஒரு வார்த்தை சொன்னா முள்ளை எடுத்துருவாக."

ஊரே அவர் வாயைப் பார்த்தது. மகனும் பார்த்தான். 'நான்தான் போட்டேன்' என்று இரண்டே சொல். அவருக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நாளைக்கு டீக்கடையில் யார் எழுந்து இடம் கொடுப்பார்கள்?

"அது மேல இருந்து வந்ததும்மா" என்றார்.

மேலே இருந்து வந்ததை ராஜபாண்டியா தட்டுவார்? அப்புறம் நடந்ததை நம்பினால் நம்புங்கள். மாமன் மடியும் வேண்டும், மாமன் உள்ளே வரவும் கூடாது என்று ஊர் கூடி யோசித்ததில், கோயில் பூசாரிதான் வழி சொன்னார். "இம்புட்டு நாளும் பிள்ளையைப் போன்லதான் பாத்திருக்காரு. மடியும் போன்லயே இருந்துட்டுப் போகட்டும்."

அப்படியே ஆயிற்று. எல்லைக்கு வெளியே ஆனந்தகுமார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வீடியோ காலில் தன் மடியைக் காட்டினான். உள்ளே ஒரு நாற்காலியில் வெள்ளத்துரையின் போனை மல்லாக்க வைத்தார்கள். அதில் மடி தெரிகிறதா என்று பூசாரி குனிந்து சரிபார்த்தார். மொட்டையடித்துச் சந்தனம் தடவிய குழந்தையைத் தூக்கி அந்த மடியில் உட்கார வைத்தார்கள். குரூப்பில் மெசேஜ் விழ விழப் போன் அதிர்ந்தது. குழந்தை துள்ளித் துள்ளிச் சிரித்தது. ஆனந்தகுமாருக்குத் தெரிந்ததெல்லாம் பட்டுப் பாவாடையின் இருட்டு மட்டும்தான். ஆசாரி குத்தியதும் குழந்தை வீறிட்டது. அந்த அழுகை முள்ளைத் தாண்டி ஒரு தரமும், கொஞ்சம் பிந்திப் போன் வழியாக இன்னொரு தரமும் அவன் காதில் விழுந்தது. அவன் கையை நீட்டினான். எங்கே நீட்டுவது என்று அவனுக்கே தெரியவில்லை. வெள்ளத்துரை மகனைப் பார்க்க மாட்டாமல் திரும்பி, கிடாக்கறி எத்தனை அண்டா என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

சம்பந்தி வீட்டில் சுவாதியையும் குழந்தையையும் மூன்றாம் நாள்தான் அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள். மறுநாளே லீவு முடிந்துவிட்டது.

மதுரை விமான நிலையத்தில் பெட்டியை இறக்கும்போது ஆனந்தகுமார், "ஜமால் மாமாகிட்டப் பேசுனேம்ப்பா" என்றான். ஏழு இருபத்தொன்றான கதை அவனுக்குத் தெரிந்துவிட்டது. திட்டட்டும், நாலு பேர் முன்னால் கத்தட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று தலையைக் குனிந்து நின்றார். அவன் கத்தவில்லை.

"என்னைய மட்டும் ஒங்க குரூப்புல இருந்து எடுத்துருங்கப்பா. நான் வாரேன்."

போய்விட்டான்.

இந்தக் கதையை எழுத உட்கார்ந்தபோது, எனக்குத் தெரிந்த எச்சரிக்கைக்காரர்கள் நாற்பது பேரிடம் விசாரித்தேன். யாருமே எதையும் கிளப்பிவிட்டதில்லை. எல்லோருக்கும் மேலே இருந்துதான் வந்திருக்கிறது. அந்த மேலே இருப்பது யார் என்று பார்த்துவிட ஒவ்வொருவராக ஏறிப் போனேன். ஒருவர் இன்னொருவரைக் காட்டினார், அவர் அடுத்தவரைக் காட்டினார். கடைசி ஆள் தன் போனைத் திறந்து, தனக்கு அனுப்பியவரின் நம்பரைக் காட்டினார். நம்பர் எனக்குப் பழக்கமானதாகத்தான் இருந்தது. உங்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று நேரில் கேட்டுவிடலாம் என்று வைத்திருக்கிறேன்.