மலையைப் பார்த்துக்கொண்டிருந்த நாலாம் நம்பர்

திருவண்ணாமலையில் எந்தக் கண்காணிப்புக் கேமராவும் இதுவரை ஒரு திருடனைக்கூடப் பிடித்துக் கொடுத்ததில்லை என்று நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். பாவம், கேமராக்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவற்றில் கால்வாசி, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதற்குக் காரணம் ஒரே ஒரு மனிதர். அவருடைய சொந்தப் பெயர் அவர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் 'நாலாம் நம்பர்'.

யார் கூப்பிட்டு நாலு கேமரா மாட்டச் சொன்னாலும், மூன்றை அவர்கள் சொன்ன இடத்தில் ஒழுங்காக மாட்டுவார். நாலாவதை மலைக்கு நேராகத் திருப்பிவிட்டு, ஏதோ கும்பாபிஷேகம் முடித்தவர் போல ஏணியிலிருந்து இறங்குவார்.

"மலைய எவன்யா தூக்கிக்கினு போகப் போறான்?" என்று ஓர் அரிசிக்கடைக்காரர் சண்டைக்குப் போனார்.

"போய்ட்டா அப்போ இன்னா பண்ணுவ? என்கிட்டதான வந்து வீடியோ கேப்ப?" என்றார் நாலாம் நம்பர்.

அதே கடையில் பிறகு மூட்டை காணாமல் போனது. போலீஸ்காரர் வந்து ஒவ்வொரு கேமராவாக ஓட்டிப் பார்த்தார். நாலாவதில் உச்சியில் மேகத்தோடு மலை வந்து நின்றது. மனிதர் தன்னை அறியாமல் தொப்பியைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தரிசனம் நல்லா கீது. மூட்டை எங்க?" என்றார்.

நான் செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜர். எங்கள் முதலாளிக்கும் நாலாம் நம்பருக்கும் நடந்த யுத்தத்தை நேரில் பார்த்த புண்ணியவான். எங்கள் பைக் ஸ்டாண்டில் ஹெல்மெட்டுகள் காணாமல் போகும். நாலாவது கேமராவை அங்கே திருப்பச் சொல்லி முதலாளி கத்துவார். இவர் "சரிங்க மொதலாளி" என்று பவ்யமாகத் திருப்புவார். டீ குடிப்பார். கிளம்பும்போது மறுபடி மலைக்குத் திருப்பிவிட்டுப் போவார். மூன்று வருஷமாக இதே கதை.

ஒருநாள் யார் வீட்டிலோ ஏணியிலிருந்து விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மகள் வந்து ஆவடிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். "இனிமே நாலாவது கேமரா நம்மளுது" என்றார் முதலாளி. ஆனால் ஏறித் திருப்ப ஆள் இல்லை. ஏணியும் அவருடையதுதான், அவரோடு போய்விட்டது. கேமரா மலையைப் பார்த்தபடியே இருந்தது.

எங்கள் முதலாளிக்கு வெள்ளிக்கிழமை பக்தி ஜாஸ்தி. கல்லாப்பெட்டி, ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் பூ வைத்து விபூதி பூசுவார். நாலு கேமராவின் படத்தையும் பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டிக்கும் அந்த மரியாதை உண்டு. கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு முழம் சாமந்தியை அதன் தலையில் சாத்தினார். பெட்டி 'பீப் பீப்' என்று அலற ஆரம்பித்தது. மாடியில் தியானத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி இறங்கி வந்து, இது என்ன பறவை என்று பக்தியோடு விசாரித்தார். நான் பதில் யோசிப்பதற்குள் பறவை செத்துவிட்டது.

தீபத்துக்கு நாலே நாள். லாட்ஜ் முழுக்க ஆள் வரப்போகிறது. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அப்போது போன் வந்தது.

"தம்பி, பெட்டி இன்னாச்சு? மலையக் காணோம்."

நாலாம் நம்பர்! ஆவடியிலிருந்து!

"உங்களுக்கு எப்படிணா தெரியும்?"

"போன்லதான் தெனம் பாக்குறேனே. நான் போட்ட பாஸ்வேர்டுதான?"

முதலாளிக்குத் தெரிந்திருந்தால் போலீஸுக்கே போயிருப்பார். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அவர் தாழ்த்தவில்லை.

"இங்க ஜன்னலத் தொறந்தா எதிர் வூட்டு பாத்ரூம் செவுரு தம்பி. வாக்கர் இல்லாம நடக்க முடியல. காலைல நாலாம் நம்பரப் பாத்துட்டுதான் காப்பியே குடிக்கிறேன். இந்த வருஷம் தீபத்துக்கு வர முடியாது. அதுலதான் பாக்கணும்."

"தீபத்த டிவில காட்டுவாங்களேணா?"

"அது ஊருக்கே காட்டுற மலை. இது நான் திருப்பி வச்ச மலை."

அன்று அவர் வீடியோ காலில் சொல்லச் சொல்ல, நான் திருப்புளியோடு பெட்டியைத் திறந்தேன். உள்ளே விபூதி, குங்குமம், சாமந்தி இதழ்கள்.

"இன்னா தம்பி, உள்ள அர்ச்சனையே நடந்திருக்குது?"

வெயிலில் காய வைக்கச் சொன்னார். கார்த்திகை மழை, வெயிலுக்கு எங்கே போவது? "அப்ப அடுப்பாண்ட வையி" என்றார். சமையலறையில் சாம்பாருக்குப் பக்கத்தில் வைத்துக் காய்ச்சி எடுத்தேன். சுவிட்சைப் போட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை.

"இப்ப சரியா பூடும்" என்றார் போனில். லாட்ஜ் முழுக்க கரண்ட் போயிருந்தது.

முதலாளி உடனே ஒரு கம்பெனியிலிருந்து புதுப் பெட்டி வரவழைத்தார். வந்த டெக்னீஷியன் படு ஒழுங்கு. சொன்னபடி நாலாவது கேமராவைப் பைக் ஸ்டாண்டுக்குத் திருப்பினார், போய்விட்டார். டிவியில் முதல் முறையாக, ஒரு டீ நேரத்தைத் தாண்டியும் எங்கள் பைக் ஸ்டாண்டு தெரிந்தது. முதலாளி அதைத் தீபாராதனை பார்ப்பது போல நின்று பார்த்தார்.

எனக்கோ மனசு கேட்கவில்லை. புதுப் பெட்டியின் பாஸ்வேர்டை அவருக்கு ரகசியமாக அனுப்பியிருந்தேன். "மலை எங்க தம்பி?" என்று மட்டும் பதில் வந்தது. அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

தீபத்தன்று மத்தியானம், சீரியல் பல்பு கட்ட வந்தவர்களின் ஏணியை வாங்கி ஏறினேன். பாதியில் கீழிருந்து குரல்.

"யோவ், மேல இன்னாயா பண்ற?"

முதலாளி. மாட்டிக்கொண்டபின் மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆவடி, வாக்கர், பாத்ரூம் சுவர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஏணியில் நின்றபடியே கொட்டிவிட்டேன். அவர் கிட்டே வந்து ஏணியை இரண்டு கையாலும் பிடித்தார்.

"சீக்கிரம் திருப்பு. அவனாட்டம் நீயும் உழுந்து தொலைக்காத."

சாயங்காலம் ஊரே அண்ணாந்து நின்றது. உச்சியில் சுடர் எழுந்ததும் சாலை முழுக்க 'அரோகரா' என்று அதிர்ந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்த என் போனிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, கொஞ்சம் எடது பக்கம் திருப்பேன். கரண்ட் கம்பி மறைக்குது."

முதலாளி போனைப் பிடுங்கினார். "யோவ் நாலாம் நம்பரு! தீபத்தப் பாத்துட்டு கம்முனு இரு!"

போனிலிருந்து ஒரே ஒரு 'அரோகரா' மட்டும் வந்தது. முதலாளி என்னிடம் போனை நீட்டிவிட்டு, மேலே பார்த்து, "கம்பி மறைக்கத்தான் செய்யுது, நாளைக்குக் கொஞ்சம் திருப்பிடு" என்றார்.

போன வாரம் பைக் ஸ்டாண்டில் ஒரு ஹெல்மெட் காணாமல் போனது. என்னுடையது, புதுசு. ஆத்திரத்தோடு ஓடிப்போய் நாலாவது கேமராவைப் போட்டுப் பார்த்தேன். காலை வெயிலில் மலை பளிச்சென்று இருந்தது. ஆவடியில் அவர் இந்நேரம் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஹெல்மெட் போனால் போகட்டும்.